வேப் பழகிய பிள்ளைக்கு உதவ

மலேசியாவில் 2023 மார்ச் இறுதியில் நிக்கோட்டின் திரவம் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பின், 18 வயதுக்குட்பட்டோருக்கு வேப் விற்பதைத் தடுக்கும் சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கடைக்காரரைக் கட்டுப்படுத்துமேயன்றி, ஏற்கெனவே பழகிவிட்ட மூளையைக் கட்டுப்படுத்தாது. நிக்கோட்டின் உப்பு, அதாவது தொண்டையை எரிக்காமல் மிகுந்த அளவில் உள்ளிழுக்கத்தக்க வடிவம், பழச்சுவையில் மறைந்திருப்பதால், மாணவர் தம் அடிமைத்தனத்தைத் தாமதமாகவே உணர்கின்றனர். நிறுத்தியபின் தோன்றும் எரிச்சலும் தூக்கக்குறைவும் முதல் சில நாள்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியுமாதலால், அக்காலத்தில் பெற்றோர் கண்டிப்பைக் குறைத்து, தேர்வு வாரத்தைத் தவிர்த்து நிறுத்தும் நாளைக் குறிப்பது நன்று. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பெற்றோர் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில், புகைப்பழக்கத்தை விடுவதற்கான எம்குவிட் சேவை எங்குக் கிடைக்குமெனக் கேட்டறியலாம். பழக்கத்தை விட உதவும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையை மருத்துவர் கூறாமல் சிறாருக்குப் பயன்படுத்தலாகாது.