ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குள் ஒரு ரோடு பைக்

போன மாதம் கிளைக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுக் காத்திருக்கும் தம்பி ஒருவன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். "அண்ணே, இது நல்லா இருக்கா பாருங்க. தொள்ளாயிரம்தான். சனிக்கிழமை போய் எடுக்கப் போறேன்." படத்தில் பளபளவென்று ஒரு கறுப்பு ரோடு பைக். சக்கர விளிம்பு ஒரு சாண் உயரம். சட்டம் முழுக்க எழுத்து. அவன் கையில் இருப்பது அம்மா கூட்டுப் பணம் எடுத்துக் கொடுத்த 1,500 வெள்ளி.

"பணம் கட்டிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப உட்காரு."

அன்று அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கிளையில் இன்னும் இரண்டு பேர் இதே கேள்வியோடு சுற்றுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் டிரான்ஸ்கிரியானில் யு.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. சைக்கிளில் நான் நிபுணன் இல்லை. ஆனால் 600 வெள்ளி தொலைத்தவன். முதலாம் ஆண்டில் பி.டி.பி.டி.என். பணம் வந்த வாரமே, இதே மாதிரி ஒரு பளபளப்பைப் பார்த்து 850 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். சட்டம் எனக்கு இரண்டு அளவு பெரிசு. ஒரு மாதத்தில் முதுகு வலி. நாலாவது மாதம் பின் சக்கரத்தின் அச்சு வளைந்து, சக்கரம் ஆடியபடி பாரிட் புந்தாரிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் 250க்கு விற்றேன். அந்த அரையாண்டு மெகியோடு போனது. வீட்டில் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள், பரவாயில்லை.

முதலில் நம்ம ஊரைப் பாருங்கள். நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் என்று வடக்கே போனாலும், கிரியான் ஆற்றுப் பாலம் தாண்டி பேராக் பக்கம் வயல்வெளிக்குப் போனாலும் தரை தட்டு மாதிரி. செம்பனைத் தோட்டப் பாதைகளிலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் பெரிசாக இல்லை. அப்படியிருக்க "எத்தனை கிலோ?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. கணக்குப் போடுவோம். உலகப் போட்டிகளில் ஓடும் சைக்கிளே 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நம் பணத்துக்குக் கிடைப்பது 10 கிலோவை ஒட்டி இருக்கும். வித்தியாசம் 3.2 கிலோ. 100 மீட்டர் உயரம் ஏற இந்த அதிக எடைக்காக நீங்கள் செலவழிப்பது 3.2 × 9.81 × 100, ஏறக்குறைய 3,140 ஜூல். 150 வாட் சக்தியில் மிதித்தால் 21 விநாடி. அவ்வளவுதான். அதுவும் 100 மீட்டர் ஏறினால். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

சமதரையில் நம்மைப் பிடித்து இழுப்பது காற்று. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30க்குப் போக வேண்டுமானால் காற்றுக்காக மட்டும் 73 விழுக்காடு அதிகம் மிதிக்க வேண்டும். இதில் பெரும்பங்கு உங்கள் உடம்பு வாங்கும் காற்று, சைக்கிள் வாங்குவது கொஞ்சம்தான். உயரமான விளிம்புக்கு 300 வெள்ளி கொடுத்துவிட்டுத் தொளதொள டீ-சட்டையோடு ஓட்டுபவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நானும் அப்படி ஓட்டியவன்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அளவு. விலை குறைந்தது என்பதற்காக அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு தடிமனான புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சைக்கிள் இருக்கை அழுத்துவது போல மேலே இறுக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உங்கள் உள்கால் நீளம். அதை 0.67ஆல் பெருக்கினால் பழைய பாணி ரோடு சட்டத்தின் அளவு வரும். எனக்கு 80 செ.மீ.; ஆக 53 அல்லது 54. நான் முதலில் வாங்கியது 56. இருக்கை உயரத்துக்கு 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. காலுக்கு மிதி அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேல் பாகம் வரை 70.6 செ.மீ. இது ஆரம்பப் புள்ளிதான். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு, முட்டிக்குப் பின்னால் இழுத்தால் உயரம் அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளலாம். சட்டம் பெரிசாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து கியர் செட். ஷிமானோவின் ரோடு வரிசை கீழிருந்து மேலே இப்படி: டூர்னி, கிளாரிஸ், சோரா, தியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா ஏஸ். (ஷிமானோ ஜப்பான் நிறுவனம் என்றாலும் ஜொகூர் பொந்தியானில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது, பலருக்குத் தெரியாது.) டூர்னியில் பின்னால் 7 பல்சக்கரம், கிளாரிஸில் 8, சோராவில் 9, தியாக்ராவில் 10. நம் பணத்துக்குக் கிளாரிஸ் கிடைத்தால் போதும், சோரா கிடைத்தால் அதிர்ஷ்டம்.

"எட்டு போதுமாண்ணே?" என்று தம்பி முகம் சுளித்தான். இதற்கும் கணக்கு இருக்கிறது. 700×25 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் ஓடும். முன்னால் 50 பல், பின்னால் 17 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு 6.2 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 33 கிலோமீட்டர். பின்னால் 11 பல்லுக்கு மாற்றினால் 51 கிலோமீட்டர். அந்த வேகத்தை நாமெல்லாம் எதிர்க்காற்றில் எப்போது தொடப் போகிறோம்? கியர் எண்ணிக்கை கூடினால் இடைவெளி நெருக்கமாகும், அதுதான் லாபம். வேகம் தானாகக் கூடிவிடாது.

ஆனால் 7க்கும் 8க்கும் நடுவில் ஒரு பெரிய கோடு இருக்கிறது. என் அச்சு வளைந்த கதை இங்கேதான் வருகிறது. மலிவான 7 கியர் சைக்கிள்கள் பலவற்றில் பின் பல்சக்கரத் தொகுதி ஹப்பின் மீது மறை போட்டு முறுக்கப்பட்டிருக்கும். இதை ஃப்ரீவீல் என்பார்கள். இந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் பல்சக்கரங்களுக்கு உள்ளே, நடுவை நோக்கித் தள்ளி இருக்கும். பேரிங்கிலிருந்து சட்டம் வரை அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். விசை × தூரம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். தூரம் கூடினால் வளைக்கும் திருப்புவிசை கூடும். லோரிகள் நொறுக்கிய சாலைக் குழியில் நாலு மாதம் குதித்தால் அச்சு வளையாமல் என்ன செய்யும்! ஃப்ரீஹப் என்னும் மற்ற அமைப்பில் பேரிங் அச்சின் முனைக்கு அருகில் இருக்கும். அதோடு, அநேகமாக 8, 9, 10 கியர் கேசட்டுகள் ஒரே ஃப்ரீஹப்பில் ஏறும். பின்னாளில் பணம் வந்தால் மேலே போகலாம். ஃப்ரீவீலில் அந்த வழி அடைந்துவிட்டது. விற்பவரிடம் "கேசட்டா, ஃப்ரீவீலா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

நான் விசாரித்தபோது கிளாரிஸ் போட்ட புதுச் சைக்கிள் இரண்டாயிரத்தை ஒட்டியோ மேலேயோ இருந்தது. ஆக 1,500க்குள் என்றால் செகண்ட் ஹேண்ட்தான் நல்ல வழி. பெருநடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஆர்வத்தில் வாங்கி, இரண்டு தடவை ஓட்டி, துணி காயப்போடும் கம்பியாக மாறிய சைக்கிள்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அவைதான் நம் இலக்கு.

பார்க்கப் போகும்போது 12 அங்குல ரூலர் ஒன்றைக் கொண்டுபோங்கள். பள்ளிக்கூட ரூலர்தான். சங்கிலியின் ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். சங்கிலியின் ஆணிகள் அரை அங்குலத்துக்கு ஒன்று. ஆகவே அதற்கு அடுத்து எண்ணும் 24ஆவது ஆணியின் நடு, புதுச் சங்கிலியில் சரியாக 12இல் நிற்கும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் சங்கிலி மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். விற்பவர் "ரொம்பக் கொஞ்சம்தான் ஓட்டினேன்" என்று சொல்லும்போது ரூலர் பொய் சொல்லாது. நான் அளந்து காட்டியதும் ஒருவர் தானாகவே நூறு வெள்ளி குறைத்தார்.

பிறகு முன் ப்ரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்வு. மிதிக்கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, விளிம்பு ப்ரேக் கட்டையை விட்டு விலகி நெருங்குகிறதா என்று கவனியுங்கள். விளிம்பில் ப்ரேக் உரசும் பாகத்தை விரலால் தடவினால் குழிந்திருக்கிறதா? அப்படியென்றால் அந்த விளிம்பின் ஆயுள் முடிகிறது. சட்டத்தைத் துணியால் துடைத்து, கைப்பிடிக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலும் மிதி அச்சுப் பக்கத்திலும் கோடு மாதிரி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், உங்கள் பணம். சட்டத்தின் அடியில் தொடர் எண் சுரண்டப்பட்டிருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொருவன் வீட்டில் திருடிய சைக்கிள் நமக்கு எதற்கு?

கார்பன் சட்டம் இந்த விலையில் வந்தால் தொடாதீர்கள். அலுமினியம் அடிபட்டால் பெரும்பாலும் நெளிவது தெரியும். கார்பன் உள்ளே பிளந்து, வெளியே சாயம் அப்படியே இருக்கலாம். முன் ஃபோர்க் ஓடும்போது உடைந்தால் விழுவது முகம். ஃபோர்க் மட்டும் கார்பனாக உள்ள அலுமினியச் சைக்கிள்கள் நிறைய உண்டு. அவற்றிலும் அந்த ஃபோர்க் விபத்தில் அடிபட்டதா என்று கேட்டே ஆக வேண்டும்.

ப்ரேக் பற்றி ஒன்று. 2017 பிப்ரவரி 18 விடியற்காலை ஜொகூர் பாருவில் கார் மோதி எட்டுப் பையன்கள் இறந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ப்ரேக்கைக் கழற்றி, தாழ்த்தி மாற்றியமைக்கும் 'பாசிக்கால் லாஜாக்' வகைச் சைக்கிள்களில் போனவர்கள். எல்லாரும் பதின்ம வயது. நம் வட்டாரத்துச் சின்னப் பையன்களும் "ப்ரேக் எதுக்கு, எடைதானே" என்று கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். இரண்டு ப்ரேக்கும் வேலை செய்யாத சைக்கிளை ஓட்டிப் பார்க்கக்கூட ஏறாதீர்கள். புது ப்ரேக் கட்டை இரண்டு ஜோடிக்கு நான் கொடுத்தது 40 வெள்ளி. மழையில் விளிம்பு ப்ரேக் முதல் சில சுற்றுக்குத் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும், ஆகவே சாயங்கால மழையில் முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும்.

1,500ஐயும் சைக்கிளுக்கே கொடுத்துவிடக் கூடாது. என் இரண்டாவது சைக்கிளுக்கு நான் பிரித்த விதம்: சைக்கிள் 1,050. தலைக்கவசம் 120. முன்பின் விளக்கு 70. பூட்டு 60. பம்ப், ஒட்டும் பசை, டயர் கழற்றி, ஒரு மாற்று டியூப் எல்லாம் சேர்த்து 75. சங்கிலியும் ப்ரேக் கட்டையும் 95. மொத்தம் 1,470. மிச்சம் 30 வெள்ளிக்குக் கூட வந்த இரண்டு பேருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் சாப்பாடு. விளக்கை விட்டுவிடலாமே என்று தோன்றும். ஜாவி பக்கம் பெரிய சாலையில் இருட்டின பிறகு ஒரு தடவை லோரி பக்கத்தில் போனால் அந்த எண்ணம் போய்விடும்.

டயர் 28 மி.மீ. ஏறுமா என்றும் பார்த்துவிடுங்கள். சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் இடம் வேண்டும். நான் 65 கிலோ, 28இல் 75 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறேன். குழிச் சாலையில் கை மரத்துப்போவது நின்றது. இன்னொன்று, தீவுக்கு ஓட்டிப் போக ஆசைப்படுபவர்களுக்கு: பாலம் இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, நெடுஞ்சாலையிலும் இல்லை. பட்டர்வொர்த் வரை பழைய சாலையில் போய் ஃபெரியில் ஏற்றிக்கொள்ளலாம்.

அந்தத் தம்பி சனிக்கிழமை போகவில்லை. விற்பவரிடம் கேசட்டா என்று கேட்டிருக்கிறான், பதிலே வரவில்லையாம். மூன்று வாரம் கழித்து சுங்கை பாக்காப்பில் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். 52 அளவு, அலுமினியம், கிளாரிஸ், டயர் மட்டும் வெயிலில் வெடித்திருந்தது. ரூலர் வைத்தோம், சங்கிலி 12ஐத் தாண்டவே இல்லை. 950 கேட்டார், டயரைக் காட்டி 880க்கு முடித்தோம். அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஸ்டாண்டு எங்கடா?"