லாச்சப்பலில் ஒரு கதைத் திடல்: பிள்ளைகளின் புத்தகங்களை விளையாடும் இடமாக்குவது எப்படி?

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 1670களில் ஒரு புதிர்ப்பாதை இருந்தது. அந்த யோசனையை 14ஆம் லூயி மன்னருக்குச் சொன்னவர், பிற்காலத்தில் சின்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ள் பெரோ. பச்சை வேலிகளுக்கு நடுவே 39 நீரூற்றுகள். ஒவ்வொன்றும் ஈசாப்பின் ஒரு கதை. முயலும் ஆமையும், நரியும் கொக்கும் வர்ணம் தீட்டிய ஈயச் சிலைகளாக நின்றன. அவை ஒன்றோடொன்று பேசுவதைக் காட்ட வாயிலிருந்து நீர் பாய்ந்தது. பக்கத்தில் கதையைச் சொல்லும் நாலுவரிப் பாட்டு ஒரு தகட்டில் இருந்தது. மன்னரின் மகன் அந்தத் தகடுகளைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினார் என்பார்கள். 1770களில் அந்தப் புதிர்ப்பாதையை அழித்துவிட்டார்கள்.

இன்றைக்குப் பிரான்சில் புத்தகத்திலிருந்து பிறந்த பூங்கா என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஆஸ்தெரிக்ஸ் பூங்கா. கோசினி எழுத, உதெர்சோ வரைந்து, 1959இல் தொடங்கிய படக்கதையை வைத்து 1989 ஏப்ரல் 30ஆம் திகதி பாரிசுக்கு வடக்கே பிளாயியில் திறந்தார்கள். அந்த அளவுக்குக் காசு நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு தமிழ்ப் பள்ளியோ, ஊர்ச் சங்கமோ, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களோ சேர்ந்தால், கோடைகால ஞாயிறு ஒன்றில் 250 பிள்ளைகள் வந்து விளையாடும் கதைத் திடலை அமைக்கலாம். நமது ஆண்டு விழாக்களில் மேடையில் ஆடும் பிள்ளைக்கு மட்டும்தான் வேலை இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் மண்டபத்து மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

கதையைத் தெரிவு செய்தல்

எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது; அவசரப்பட வேண்டாம். பிள்ளைகளுக்குப் பிடித்த கதாபாத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் அது கடைக் கண்ணாடி போலாகிவிடும். பாதையின் பெரும்பகுதியில் ஒரே கதையுலகம் ஓட வேண்டும். அந்த உலகம் அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. இங்கே ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது லா ஃபொந்தேன் கதைப்பாட்டுகளை. 1678இல் வந்த தமது இரண்டாம் தொகுதியில், பல கதைகளுக்குத் தாம் பில்பாய் என்னும் இந்திய ஞானிக்குக் கடன்பட்டதாக அவரே எழுதினார். பஞ்சதந்திரம் பாரசீகம், அரபு வழியாகப் பயணப்பட்டுப் பில்பாய் கதைகள் என்ற பேரில் பாரிசுக்கு வந்திருந்தது. தடியைக் கவ்விக்கொண்டு பறந்த ஆமையின் கதை நமக்கு அன்னங்களோடு வரும், அவர்களுக்கு வாத்துகளோடு வரும். இந்த ஒன்றை மட்டும் அறிந்தாலே, வீட்டுக் கதை ஒன்று பள்ளிக் கதை ஒன்று என்று பிரித்து வைத்திருக்கும் பிள்ளையின் முகம் மலரும். என் கருத்தில், பாரிசின் தமிழர் கடைப்பகுதியான லாச்சப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான தெரிவு கிடையாது.

உரிமைச் சிக்கலும் இதில் இல்லை. பிரான்சில் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. உதெர்சோ 2020இல்தான் காலமானார். ஆஸ்தெரிக்சை வரைந்து சுவரில் மாட்ட உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். க்ரியா பதிப்பகம் 1981இல் தமிழில் வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ பலருக்கும் பிடித்த புத்தகம். ஆனால் அதை எழுதிய சேந்த்-எக்சுபெரி போரில் இறந்தவர் என்பதால் பிரான்சில் அவருக்கு மேலதிகமாக 30 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. வேறு பல நாடுகளில் அந்நூலின் உரிமைக் காலம் முடிந்துவிட்டாலும் இங்கே முடியவில்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 18ஆம் நூற்றாண்டினது, தாராளமாக எடுக்கலாம். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் மறைந்தார். 2024 தொடக்கம் அவர் பாடல்கள் எல்லோருக்கும் உரியவை.

ஒன்றை மறக்க வேண்டாம்: எழுத்துக்கு ஒரு உரிமை, படத்துக்கு வேறு உரிமை. கதை பழையதாக இருந்தாலும் இணையத்தில் கிடைத்த ஓவியம் நேற்று வரைந்ததாக இருக்கலாம். படங்களைப் பிள்ளைகளைக் கொண்டே வரைவியுங்கள்.

ஒரு கதைக்கு ஒரு செயல்

பெரிய படத்தை நிறுத்திவைத்து அதற்கு முன்னால் பிள்ளையை நிற்க வைத்துப் படம் எடுப்பது கதைத் திடல் ஆகாது. கதாபாத்திரம் செய்ததைப் பிள்ளையும் செய்து பார்க்க வேண்டும். அல்சாசில் உன்கெர்சைமில் 2014இல் திறந்த குட்டி இளவரசன் பூங்காவில் கிரகங்களாகக் கருதிய இராட்சத பலூன்கள் மக்களை உயரே தூக்கிச் செல்கின்றன. இளவரசன் கிரகம் கிரகமாகப் போனான், நீங்களும் போகிறீர்கள். மூமின் கதைகளை வைத்துப் பின்லாந்தின் நான்தாலியில் 1993 முதல் இருக்கும் மூமின் உலகம் இயந்திர ராட்டினங்களை நம்பி இல்லை. வீடுகளுக்குள் புகுந்து, படியேறி, பாத்திரங்களோடு பேசுவதுதான் அங்கே விளையாட்டு. நமக்கும் அந்த வழிதான் சரி. ஆறு நிலையங்கள் போதும்: நான்கு விலங்குக் கதைகள், கடைசியில் நம் பழைய எழுத்துகளில் இரண்டு.

முதலாவது ஆமை. இரண்டு பிள்ளைகள் ஒரு மூங்கிலைப் பிடிக்க, நடுவில் நிற்பவர் அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பத்து அடி நடக்க வேண்டும், வாய் திறக்காமல். ஓரத்தில் நிற்பவர்கள் சிரிப்பு மூட்டலாம். தடியை வாயில் கவ்வ விடவே கூடாது.

இரண்டாவது காகம். துணியால் தைத்த வடையை நாடிக்குக் கீழே இடுக்கிக்கொண்டு ஒரு வரி பாட வேண்டும். லா ஃபொந்தேனின் காகம் வைத்திருப்பது சீஸ். ஆகவே வடை ஒன்று, சீஸ் ஒன்று, பிள்ளை விரும்பியதை எடுக்கட்டும். விழுந்ததை எடுத்துப்போக நரி வேடமிட்ட ஒரு மாமா நிற்க வேண்டும்.

மூன்றாவது சிங்கமும் முயலும். அகன்ற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றின் அடியில் உடையாத அக்ரிலிக் கண்ணாடியை ஒட்டுங்கள், அதுதான் கிணறு. பீப்பாய் பிள்ளையின் நெஞ்சளவு உயரம் இருக்கட்டும், சாய்ந்து விழாதபடி கட்டிவையுங்கள். குனிந்து கர்ஜித்தால் முகமும் தெரியும், சத்தமும் திரும்பி வரும். நாலு வயதுக்காரர் இங்கேதான் நெடுநேரம் நிற்பார்கள்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: குரங்கும் முதலையும். ‘என் இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன்’ என்று குரங்கு தப்பிய கதை. முதலையாக ஒரு அக்கா தரையில் அமர்ந்து வழியை மறிக்க வேண்டும். கடந்து போகப் பிள்ளை தமிழில் ஒரு சாட்டுச் சொல்ல வேண்டும். இடையில் பிரெஞ்சுச் சொல் கலந்தால் கலக்கட்டும், திருத்த வேண்டாம். ஒன்றுமே வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் அம்மம்மா காதில் சொல்லிக் கொடுக்கட்டும். வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளைக்கு, தமிழில் பேசுவதற்கு ஒரு தேவையை இந்த நிலையம் கொடுக்கிறது.

ஐந்தாவது, பரமார்த்த குருவின் ஆறு. நீலத் துணி விரித்து ஆறு. அது தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பதற்கு, சிவப்புக் கடதாசி சுற்றிய தடி. கடந்தபின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவர் தன்னை விட்டுவிட்டு எண்ணி ‘ஏழு பேர்தான்!’ என்று அலற வேண்டும். பிறகு எல்லோரும் ஈர மணல் தட்டில் முட்டியைப் பதித்து, குழிகளை எண்ணிப் பார்த்துச் சரிசெய்யலாம்.

கடைசியில் புலவரின் வெருளி. பழைய சேட்டு, தொப்பி, வைக்கோலோ கடதாசியோ கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போக, மாலையில் ஒரு வெருளி எழுந்து நிற்கும்.

பாதையும் அளவும்

ஒரே வழி, ஒரே திசை. எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே போகட்டும். ஒரு நிலையத்தில் ஐந்து நிமிடம், ஆக அரை மணி நேரப் பயணம். மணிக்கு 96 பேர், மூன்று மணி நேரத்தில் 288 பேர். நிலையத்துக்கு இருவர், வாசலில் இருவர், முடிவில் இருவர், பாதையில் இருவர் என 18 பெரியவர்கள் வேண்டும்; இரண்டு அணிகளாக மாறி மாறி நிற்க 36 பேர். இந்த ஆட்கள் இல்லையென்றால் நிலையங்களைக் குறையுங்கள்.

பாதை 1.40 மீட்டருக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் அப்போதுதான் போகும். எல்லாவற்றையும் பிள்ளையின் கண்மட்டத்தில் வையுங்கள். ஸ்வீடனின் விம்மர்பியில் எழுத்தாளர் அஸ்த்ரிட் லிண்ட்கிரெனின் கதைகளுக்காக 1981இல் சில குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய இடத்தில், கதையில் வரும் வீட்டை மூன்றில் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். அதனால் அங்கே பிள்ளைதான் பெரிய ஆள்.

ஒவ்வொரு நிலையத்திலும் வெர்சாய்த் தகடு போல நாலு வரி, தமிழில் மேலே, பிரெஞ்சில் கீழே. எழுத்து உள்ளங்கை நீளம் இருக்கட்டும். கதையின் முடிவை எழுத வேண்டாம். அதைப் புத்தகத்தில் போய்ப் பார்க்கட்டும்.

பொருட்கள், பாதுகாப்பு

மட்டைப் பெட்டிகளை லாச்சப்பல் மரக்கறிக் கடைகளிலேயே கேட்டு வாங்கலாம். வெளியில் வைப்பதானால் காற்றும் மழையும் எதிரிகள்: மணல் மூட்டை கட்டாத எதையும் நிறுத்தாதீர்கள், மட்டைக்கு வார்னிஷ் பூசுங்கள். ஆணியும் ஸ்டேப்பிளும் வேண்டாம். கயிறும் துணிப் பட்டையும் போதும். பிள்ளை ஏறக்கூடிய எதுவும் 60 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஐரோப்பிய விளையாட்டுத்திடல் விதி அதற்கு மேல் போனால் அடியில் அதிர்ச்சி தாங்கும் தளம் கேட்கிறது. அதே விதியின்படி, 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான இடைவெளிகள் பிள்ளையின் தலை மாட்டிக்கொள்ளும் அளவு. வேலியிலும் ஏணியிலும் அதை அளந்து பார்த்து மூடுங்கள். மண்டபத்துக்குள் நடத்தினால் திரைத்துணியும் அலங்காரமும் எளிதில் தீப்பற்றாத எம்1 தரத்தில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் சான்றிதழ் கேளுங்கள். காற்று ஊதிய கோட்டை வாடகைக்கு எடுத்தால் அதன் பரிசோதனைச் சான்றையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், அது கதைத் திடலுக்குத் தேவையே இல்லை.

அனுமதி

1901ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கம் ஒன்றின் பேரில் செய்யுங்கள். இரண்டு பேர் இருந்தாலே பிரெபெக்சரில் சங்கம் பதியலாம். எந்த வட்டாரத்து மெரிக்கு (நகரசபை அலுவலகத்துக்கு) போவது என்பதில் சிலர் குழம்புவார்கள்: சாப்பல் புல்வாருக்குத் தெற்கே, கடைகள் நிறைந்த ஃபோபூர் சன் தெனி வீதிப் பக்கம் 10ஆம் வட்டாரம், வடக்கே மாணிக்க விநாயகர் கோயில் இருக்கும் பஜோல் வீதிப் பக்கம் 18ஆம் வட்டாரம். இரயில் காணியைத் திருத்தி 2007இல் திறந்த எயோல் பூங்கா நடந்து போகும் தூரம். பொதுப் பூங்கா எதிலும் நகரசபையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு மேசையும் போடக் கூடாது. கோடை விழாவுக்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பம் போகட்டும். பொறுப்புக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். பாட்டு ஒலிபரப்பினால் இசை உரிமை அமைப்பான சாசெமில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அன்றைய நாள்

வாசலில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் காகிதப் பட்டி கட்டி, உட்பக்கமாகப் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். பேரை வெளியே தெரிய எழுத வேண்டாம்.

குப்பைக்கு ஒரு யோசனை. நெதர்லாந்தின் எஃப்தெலிங் பூங்காவில், 1952இல் தொடங்கிய கதைக்காடு இருக்கும் அதே இடத்தில், வாய் பிளந்த தடியன் ஒருவன் ‘கடதாசி இங்கே’ என்று கூப்பிடுவான். பிள்ளைகள் ஓடிப்போய்க் குப்பையைத் தேடிக் கொண்டுவந்து அவன் வாயில் போடுவார்கள். நமக்குக் கும்பகர்ணன் இருக்கிறான். பெரிய பெட்டியில் அவன் முகத்தை வரைந்து, வாயை வெட்டி, பின்னால் ஒரு அண்ணாவை இருத்திக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

பாதை முடியும் இடத்தில் புத்தக மேசை. விற்க வேண்டும் என்றில்லை. அந்த ஆறு கதைகளும் உள்ள புத்தகங்கள், பக்கத்தில் பாய், வாசித்துக் காட்ட ஒருவர். பஜோல் வீதியை ஒட்டி வக்லாவ் ஹாவெல் நூலகம் இருக்கிறது. அங்கே லா ஃபொந்தேன் பிரதிகளைக் காட்டித் தரும்படி முன்பே போய்க் கேட்டு வையுங்கள். எந்தக் கதைக்கு முடிவு தெரியாமல் பிள்ளை தவிக்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட வேண்டும். இந்த மேசையை விட்டுவிட்டால் மற்ற வேலையெல்லாம் வெறும் பொழுதுபோக்காகப் போய்விடும்.

மாலையில் தட்டையாக மடியக்கூடியதை மடித்து, நிலையத்துக்கு ஒரு பெட்டி என்று ஆறு பெட்டிகளில் போட்டு, நாலுவரி அட்டைகளையும் செய்முறையையும் உள்ளே வையுங்கள். அடுத்த மாதம் லா கூர்னேவிலோ செவ்ரானிலோ உள்ள இன்னொரு பள்ளி கேட்டால், பெட்டிகளோடு ஒரு நாள் போய் நின்று காட்டிக்கொடுங்கள். முதல் தடவைக்கு ஆறு நிலையமும் இயலாது என்றால் முதலையும் கிணறும் போதும். அந்த இரண்டையாவது இந்தக் கோடைக்குச் செய்யுங்கள்.