ஓட்டில்லாத தேர்தல்

1981-இல் கப்பலில் டெக் பாயாக ஏறினேன். 2017-இல் டெக் ஆட்களுக்குத் தலைவனான போசனாக இறங்கினேன். இப்போது தூத்துக்குடியில் வீட்டுத் திண்ணையே என் கப்பல்தளம். முதல் காண்ட்ராக்டுக்குக் கிளம்பும் பையன்கள் வந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “மாமா, எந்த யூனியன்ல சேரலாம்?” போன வாரம் வந்தவன், “வாயால சொன்னா மறந்துடுவேன், எழுதித் தாங்க” என்றான். அவனுக்காக எழுதியது இது. ஆபீசராகப் போகிறவனுக்கும் இதில் பாதி பொருந்தும்.

1. எந்த யூனியன் என்பது இரண்டாவது கேள்வி. நீ ஏறப்போகும் கப்பலில் எந்த ஒப்பந்தம் என்பதுதான் முதல் கேள்வி. நம் நாட்டில் கடைநிலை ஊழியர்களுக்கு நுசி என்ற சங்கம் இருக்கிறது, ஃபார்வர்ட் சீமென்ஸ் யூனியன் இருக்கிறது. ஆபீசர்களுக்கு 1939-இல் தொடங்கிய மாரிடைம் யூனியன் ஆஃப் இந்தியா. இவர்களுக்குள் போட்டி உண்டு, பேச்சு உண்டு, ஏச்சும் உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் உன் சம்பளத்தையும் ஓவர்டைமையும் இறப்புக் காப்பீட்டையும் தீர்மானிப்பது கம்பெனி ஏற்கெனவே ஏதோ ஒரு சங்கத்தோடு போட்டுவைத்த கூட்டு ஒப்பந்தம். நீ சந்தா கட்டும் சங்கமும் அதில் கையெழுத்திட்ட சங்கமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

2. இது தேர்தல் மாதிரி தெரியும். ஆனால் உனக்கு ஓட்டுக் கிடையாது.

ரயில்வேயில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பார். அங்கே எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை ஊழியர்களின் ரகசிய வாக்கெடுப்பு முடிவு செய்கிறது. 2007, 2013, 2024 என்று மூன்று முறை நடந்திருக்கிறது. நோட்டீஸ், கொடி, வாசல் கூட்டம் என்று ஊரே அமர்க்களப்படும். அமெரிக்கக் கப்பல்களிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். 1937-இல் ஜோசப் கரன் தலைமையில் நேஷனல் மாரிடைம் யூனியன் பிறந்தது. மறு வருஷமே அதற்கு எதிராக ஹாரி லுண்டெபெர்க் தலைமையில் சீஃபேரர்ஸ் இண்டர்நேஷனல் யூனியன். கம்பெனி கம்பெனியாக அரசு வாக்கெடுப்பு நடத்தியது. ஜென்மப் பகை கொண்ட அந்த இரண்டும் 2001-இல் ஒன்றாகிவிட்டன. அதற்குள் சண்டை போடுவதற்கான கப்பல்களே அமெரிக்கக் கொடியில் சொற்பமாகிவிட்டன.

நம் நிலைமை வேறு. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று கொடியை வாடகைக்கு எடுத்து ஓடும் கப்பலில் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரே வாக்காளர் பெரும்பாலும் கப்பல் முதலாளிதான். எந்தச் சங்கத்தோடு போனால் செலவு குறைவு, தொல்லை குறைவு என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். நமக்கு விஷயம் தெரியவருவது மெஸ்ரூம் சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துத்தான்.

3. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். சங்கத்துக்கு உன் சந்தா சில்லறை. பெரிய தொகை முதலாளியிடமிருந்து வருகிறது. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், நாங்கள் ஐடிஎஃப் என்போம், அதன் ஒப்பந்தத்தில் சேரும் கப்பல் ஒவ்வோர் ஆள் இடத்துக்கும் நலநிதிக்கென்று கட்டவேண்டும். ஆண்டுக்கு 250 டாலர் என்பது நெடுநாள் வழக்கம். இருபது பேர் கப்பலுக்கு எவ்வளவு, ஆயிரம் கப்பலுக்கு எவ்வளவு என்று நீயே பெருக்கிக்கொள். இதனால் எல்லாச் சங்கமும் திருட்டுச் சங்கம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகங்களில் மாலுமி இல்லங்களும் வேன்களும் அந்த மாதிரிப் பணத்தில்தான் ஓடுகின்றன, நானே அந்த வேனில் கடைவீதிக்குப் போயிருக்கிறேன். ஆனால் இரண்டு சங்கம் ஒரு கப்பலுக்காக முட்டிக்கொள்ளும்போது முழுக்க உன்மேல் உள்ள பாசத்தால் என்று நம்பிவிடாதே.

‘யூனிவர்ஸ் சென்டினல்’ என்ற லைபீரியக் கொடி எண்ணெய்க் கப்பலை 1978-இல் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவனில் ஐடிஎஃப் மறித்தது. இழுவைப் படகுகள் வராததால் கப்பலால் நகர முடியவில்லை. ஐடிஎஃப் கேட்ட பணத்தை முதலாளி கொடுத்துவிட்டுப் பிறகு வழக்குப் போட்டார். வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போனது. கடைசியில் அங்கே நின்றது மாலுமிகளின் சம்பள பாக்கி அல்ல, நலநிதிக்குக் கட்டிய 6,480 டாலர். 1982-இல் முதலாளி ஜெயித்து அதைத் திரும்ப வாங்கினார். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அந்த வழக்கு பாடம்.

4. ஜப்பான் முதலாளியின் கப்பலில் ஏறினால் ஜப்பான் சங்கத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கும். ஆச்சரியப்படாதே. 1948-இல் ஓஸ்லோ மாநாட்டில் ஐடிஎஃப் வாடகைக் கொடிகளுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து ஒரு வாதம் உண்டு. கொடி எந்த நாடானாலும் லாபம் எந்த நாட்டுக்குப் போகிறதோ, அந்த நாட்டுச் சங்கமே பேசவேண்டும் என்பது ஒரு பக்கம். வேலை செய்வது எங்கள் பிள்ளைகள், பேசுவது நீங்களா என்பது இந்தியா, பிலிப்பைன்ஸ் போன்ற ஆள் தரும் நாட்டுச் சங்கங்களின் பக்கம். 1998 டெல்லி மாநாட்டிலும் 2010 மெக்சிகோ சிட்டி மாநாட்டிலும் உடன்பாடுகள் எழுதப்பட்டன. பிந்தையதில் ஆள் தரும் நாடுகளுக்குப் பேச்சுவார்த்தையில் கூடுதல் இடம் கிடைத்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் மணிக்கொரு பதில் சொல்வேன். பணக்கார நாட்டுச் சங்கம் சம்பளத்தை உயர்த்தச் சொல்லும், உயர்ந்தால் நம்மை எடுக்கமாட்டார்கள் என்ற பயம் நம் சங்கத்துக்கு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை, இரண்டிலும் கொஞ்சம் சுயநலம்.

5. கனடா கதையைத் தெரிந்துகொள். நான் வேலைக்குப் போன புதிதில் ஒரு வயதான கனடிய பைலட் பிரிட்ஜில் நின்றபடி துண்டு துண்டாகச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன்.

கனடியன் சீமென்ஸ் யூனியன் 1936-இல் தோன்றியது. தலைமையில் கம்யூனிஸ்டுகள். 1946-இல் ஏரிக் கப்பல்களில் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்த சங்கம் அது. 1949-இல் கடல் கப்பல்களுக்கான பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கிழக்குக் கரைக் கம்பெனிகள் புறவாசல் வழியாக இன்னொரு சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டன. அது அமெரிக்காவிலிருந்து வந்த சீஃபேரர்ஸ் இண்டர்நேஷனல் யூனியன். அதை நடத்த வந்தவர் ஹால் பேங்க்ஸ். பழைய சங்கம் உலகத் துறைமுகங்களில் கப்பல்களை நிறுத்தியது. லண்டனில் சரக்கு இறக்குகிற தொழிலாளிகள் அந்தக் கப்பல்களைத் தொட மறுத்தார்கள், 1949 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அவசரநிலையே அறிவித்தது. ஆனாலும் பழைய சங்கம் தோற்று அழிந்தது. அரசும் கம்பெனிகளும் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

அப்புறம்தான் வேடிக்கை. கம்யூனிஸ்டை விரட்டக் கூட்டிவந்த ஆள், பிடிக்காத மாலுமிகளைக் கறுப்புப் பட்டியலில் போட்டு வேலையில்லாமல் செய்தார், அடியாட்களை வைத்து அடித்தார். நீதிபதி நாரிஸ் விசாரித்து 1963-இல் அறிக்கை கொடுத்தார். சங்கம் அரசு நியமித்த அறங்காவலர்கள் கைக்குப் போனது. பேங்க்ஸ் 1964-இல் அமெரிக்காவுக்கு ஓடிவிட்டார். அதற்கெல்லாம் முன்பே கனடாவின் கடல் கப்பல்களில் பெரும்பாலானவை வேறு கொடிக்கு மாறிவிட்டன. பைலட் ஐயா சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்துவிட்டார்.

ஒரு சங்கத்தை முதலாளியே வலியப் போய்க் கூட்டிவந்தால் கொஞ்சம் விசாரித்துக்கொள் என்பதற்காக இதைச் சொன்னேன்.

6. சங்கத்துக்காரர் பையும் காலண்டரும் கொடுத்தால் வாங்கிக்கொள். தப்பில்லை.

7. இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

1991. ஆஸ்திரேலியாவில் நிலக்கரித் துறைமுகம். பனாமா கொடி. எங்கள் கப்பலில் இரண்டு கணக்குப் புத்தகம் இருந்தது. ஐடிஎஃப் விகிதம் எழுதிய ஒன்று காட்டுவதற்கு. நாங்கள் கையில் வாங்கியது எழுதிய இன்னொன்று பூட்டிவைப்பதற்கு. கேப்டன் முந்தின இரவே எங்களை மெஸ்ரூமில் நிறுத்தி, கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று பாடம் எடுத்தார். காலையில் கேங்வே ஏறி வந்தார் ஐடிஎஃப் இன்ஸ்பெக்டர். பெரிய தொப்பை, சின்ன நோட்டு. நாங்கள் எல்லோரும் ஒப்பித்தோம். எங்கள் சமையல்காரர் மட்டும் ஒப்பிக்கும்போது அழுதுவிட்டார். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்த நேரம்.

அழுகை போதுமானதாக இருந்தது. கப்பலை அவிழ்க்கவேண்டிய கயிற்றுக்காரர்கள் வரவில்லை. நாங்கள் ஒருநாளும் சந்தா கட்டாத சங்கத்து ஆட்கள் அவர்கள். இரண்டு நாள் கழித்து மெஸ்ரூம் மேசையில் டாலரை எண்ணிவைத்தார்கள். என் பங்கு, என் ஒரு வருஷச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட.

பம்பாயில் இறங்கினோம். ஏஜெண்டின் ஆள் காத்திருந்தான். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் இனிமேல் எந்தக் கப்பலும் கிடையாது என்றான். நாங்கள் சந்தா கட்டிய சங்கத்து ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்த ஐயா, “நீங்க ஏன்ப்பா வாங்கினீங்க? இப்படிச் செஞ்சா நம்ம ஆளுங்களை எவன் எடுப்பான்?” என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுத்தேன். சமையல்காரர் கொடுக்கவில்லை. அவர் மகள் கல்யாணம் நன்றாக நடந்தது, அவர் அதற்குப் பிறகு கப்பல் ஏறவில்லை.

8. இன்றைக்குச் சட்டம் அன்றையதைவிட மேல். 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. அதன்படி வேலை வாங்கித் தர உன்னிடம் யாரும் கட்டணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்று, சிடிசி எனும் மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவு உன்னுடையது, ஆனால் விசா செலவு உன்னுடையதல்ல. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படிக்கவும் பிறரிடம் காட்டி ஆலோசனை கேட்கவும் உனக்கு உரிமை உண்டு. கூட்டு ஒப்பந்தத்தின் பிரதி கப்பலில் இருக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். எங்கள் சித்தப்பா காலத்தில் கல்கத்தாவில் காட் சாரங்கு என்ற ஆள்சேர்ப்புத் தரகருக்குப் பணம் அழுதுதான் கப்பல் ஏறினார்கள். அந்த ஊழலை 1922-இலேயே ஒரு அரசுக் குழு உட்கார்ந்து விசாரித்தது. நூறு வருஷம் கழித்தும் சங்கத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு லட்சக்கணக்கில் கேட்பவன் இருக்கிறான். ஏஜென்சிக்குக் கப்பல்துறை தலைமை இயக்குநரகம் ஆள்சேர்ப்புக்குத் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் எழுந்து வந்துவிடு, டீயைக்கூடக் குடிக்காதே.

9. கப்பலுக்குள் யூனியன் சண்டை வேண்டாம். ஒரு கப்பலில் ஃபிட்டர் ஒரு சங்கம், பம்ப்மேன் இன்னொரு சங்கம். ஆறு மாதம் ஒருவருக்கொருவர் உப்பு டப்பாவை நகர்த்தித் தரவில்லை. கரையில் அந்த இரண்டு சங்கத் தலைவர்களும் ஒரே கமிட்டியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்கள்.

10. உன் ஓவர்டைமை நீயே ஒரு நோட்டில் எழுது. தேதி, நேரம், என்ன வேலை, யார் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் சீஃப் ஆபீசர் ஏற்றுவது அவர் கணக்கு. எந்தச் சங்கத்து ஆள் வந்தாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான், கண்ணீருக்கு மயங்கும் இன்ஸ்பெக்டர் எல்லாத் துறைமுகத்திலும் கிடைக்கமாட்டார். அதே நோட்டின் பின் அட்டையில் நீ போகும் துறைமுகங்களின் ஐடிஎஃப் ஆள் எண்ணையும் நம் ஊர்ச் சங்கத்தின் எண்ணையும் பேனாவால் எழுதிவை. செல்போன் கடலில் விழும், சார்ஜ் தீரும், சில கேப்டன்கள் வாங்கிப் பூட்டியும் வைப்பார்கள்.

என் 1991 நோட்டு இன்னும் இருக்கிறது. கிரீஸ் கறை, பாதிப் பக்கம் கரையான் தின்றது. எப்படி எழுதுவதென்று பார்க்கவேண்டுமானால் சாயங்காலம் வா. காலையில் நான் மீன் ஏலத்துக்குப் போய்விடுவேன்.