பழைய பைக் வாங்கும் முன் அதன் ஆய்வு வரலாற்றைப் பாருங்கள்

பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கிக்கரை மிதித்து, சத்தம் கேட்டு, அங்கேயே மனதைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்.சி. புக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். புது பெயிண்டும் புது சீட் கவரும் மறைத்துவிடும் பல விஷயங்கள் ஆர்.சி.யில் உள்ள தேதிகளில் தெரிந்துவிடும்.

1. முதலில் 15 வருடக் கணக்கைப் போடுங்கள். சொந்த உபயோகத்துக்கான பைக்கின் பதிவு 15 வருடம் செல்லும். அதுவரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 25-ஆம் எண் படிவம் கொடுத்து, வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டியாக வேண்டும். இதைத்தான் நம் ஊரில் ‘எஃப்.சி. காட்டுவது’ என்கிறோம். யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ எடுத்துக்கொள்வோம். இளைஞர்கள் தேடித் தேடி வாங்கும் இந்த வண்டியின் தயாரிப்பு 1996-இலேயே நின்றுவிட்டது. 1996-இல் பதிவான வண்டி என்றால் 2011, 2016, 2021 என்று மூன்று முறை புதுப்பித்திருக்க வேண்டும். 2026-இல் நான்காவது முறை. இந்தப் பதிவுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். 2011-க்குப் பிறகு 2019-இல்தான் அடுத்த பதிவு என்றால், நடுவில் வண்டி எங்கே இருந்தது? வீட்டுத் திண்ணையில் சும்மா நின்றிருந்தால் டேங்க் உள்ளே துருவேறியிருக்கலாம், கார்புரேட்டர் அடைத்திருக்கலாம், அதைச் சரிசெய்துவிடலாம். விபத்து வழக்கில் காவல் நிலைய வாசலில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்திருந்தால் கதை வேறு. டேங்கில் ஒரு நெளிவை நான் பொருட்படுத்த மாட்டேன். காரணம் சொல்ல முடியாத எட்டு வருடத்தை விடவே மாட்டேன்.

3. காலாவதியான ஆர்.சி. என்றால் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். 2022 ஏப்ரல் முதல் பைக் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு அதை 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் தனி. மூன்று வருடம் கிடப்பில் போட்ட வண்டிக்கு அந்தத் தாமதக் கட்டணம் மட்டுமே 10,800 ரூபாய் வரும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. மொத்தம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேரத்துக்குப் போங்கள்.

4. சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் நீங்களே படியுங்கள். சேஸிஸ் எண் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் வெட்டப்பட்டிருக்கும். இன்ஜின் எண் கிராங்க் கேஸில் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி மட்டும் கிரைண்டர் தேய்த்த தடமோ, புது பெயிண்ட்டோ இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். ஆர்.எக்ஸ். 100-இல் ஆர்.எக்ஸ். 135-இன் இன்ஜினைப் பொருத்தி ஓட்டுகிறவர்கள் உண்டு. ஓட்ட நன்றாகத்தான் இருக்கும். ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறியிருக்காவிட்டால், அடுத்த எஃப்.சி.யில் மாட்டுவது நீங்கள்தான். நிறம், தயாரித்த மாதம், வருடம், சி.சி. ஆகியவையும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும்.

5. எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு தேதி, ஆர்.சி. செல்லும் காலம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை வரும். எத்தனையாவது உரிமையாளர், அபராதம் நிலுவையில் உள்ளதா என்பதையும் பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் சில கணினியிலேயே ஏறியிருக்காது. அப்படியானால், பழைய புத்தக ஆர்.சி.யின் விவரங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றம் நடக்கும். அந்த அலைச்சல் விற்பவருடையதாக இருக்கட்டும்.

6. புகைச் சான்றின் பழைய பிரதிகளையும் கேளுங்கள். பி.எஸ். 4 மாசுத் தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு இது ஆறு மாதம்தான் செல்லும் என்பதால், ஒழுங்காக ஓடிய வண்டிக்கு நிறைய சான்றுகள் இருக்கும். 15 வருடம் ஆகாத வண்டிக்கு ஓரளவு ஆய்வு வரலாறு என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான அந்தத் தலைமுறை நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது. டூ-ஸ்ட்ரோக்குக்கு ஹைட்ரோகார்பன் வரம்பு 6,000. அந்தத் தேதிக்கு முன் தயாரானவற்றுக்கு முறையே 4.5 சதவீதம், 9,000. மூன்று நான்கு சான்றுகளைத் தேதிவாரியாக வைத்துப் பாருங்கள். ஹைட்ரோகார்பன் அளவு ஏறிக்கொண்டே வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் அதைச் சொல்லிக் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைய சான்றுகளில் வண்டியின் படமும் இருக்கும். படத்தில் இருப்பது இதே வண்டிதானா?

7. கிலோமீட்டரை மீட்டரில் பார்த்து நம்பாதீர்கள். கேபிளில் ஓடும் பழைய மீட்டரை மாற்றுவது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. சர்வீஸ் பில்லில் எழுதிய கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

8. ஆர்.சி.யில் ‘ஹெச்.பி.’ என்று இருந்தால் பைனான்ஸ் கடன் இன்னும் பதிவில் உள்ளது என்று அர்த்தம். கடன் அடைத்தாயிற்று என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கொடுத்து ஹெச்.பி.யை நீக்கிய பிறகு பணம் கொடுங்கள்.

9. வெளிமாநில எண் என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகம் தந்த என்.ஓ.சி. கட்டாயம். டெல்லிப் பதிவு வண்டி மலிவாக வந்தால் கூடுதல் கவனம் தேவை. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடை இருப்பதால்தான் பல வண்டிகள் வெளியே வருகின்றன.

10. திருட்டு வண்டியா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ இணையச் சேவையில் பார்க்கலாம்.

11. “அப்பா வண்டி சார், அவர் தவறிட்டார்” என்று விற்கிறவர்கள் உண்டு. உண்மையாகவே இருக்கலாம், நல்ல வண்டியாகவும் இருக்கலாம். ஆனால் இறந்தவர் உங்களுக்குக் கையெழுத்துப் போட முடியாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து, 31-ஆம் படிவத்தில் முதலில் அவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

12. இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஆர்.சி. காலாவதியாகியிருந்தாலோ, முடிய இன்னும் இரண்டு மாதத்துக்குள்தான் இருந்தாலோ, விற்பவரையே எஃப்.சி. காட்டச் சொல்லுங்கள். சிறு முன்பணம் கொடுத்து, மீதியைப் புதுப்பித்த ஆர்.சி. வந்தபின் தருவதாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் சம்மதிப்பார். வேண்டுமானால் இரண்டாயிரம் கூடக் கேட்பார், கொடுக்கலாம். “அதெல்லாம் நீங்க பார்த்துக்குங்க, விலையைக் குறைச்சுக்கறேன்” என்று அவசரப்பட்டால் வேறு வண்டி பாருங்கள்.

13. புரோக்கர் நீட்டும், யாரோ ஏற்கெனவே கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை வாங்காதீர்கள். 29, 30-ஆம் எண் படிவங்களில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து, அந்த ரசீதை ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.