பாத்திரம் அறிந்து ஈதல்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாய முடிவில், விதி, திரவியம், தாதா, பாத்திரம் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் பயனும் வேறுபடும் என்று உரைக்கின்றார். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் என்று அவற்றை எளிதாகக் கூறலாம். இவற்றுள் பெறுபவரைப் பற்றியே இங்குப் பெரிதும் சிந்திப்போம்.

"கொடுத்தோம், மறந்தோம் என்றிருப்பதே அறம், கணக்குக் கேட்பது அழகா?" என்பார் நம்மிடையே உண்டு. வாயிலில் பசித்து நிற்பவர்க்கு அன்னமிடும்போது ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அது கருணா தானம். அங்குத் தகுதி பார்த்தல் நம் நூல்களின் கருத்தன்று. ஆனால் ஓர் அறக்கட்டளைக்கோ இல்லத்திற்கோ நாம் அனுப்பும் பணம் நேரே பசித்தவர் கையை அடைவதில்லை. இடையில் நிற்பவர் நேர்மையும் திறமையும் உடையவர்தாமா என்று பார்ப்பது பசித்தவர் பொருட்டே ஆகும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டியர் சொன்னதும் இதைத்தான்.

முதலில் ஆவணங்கள். தமிழ்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளையாகவோ, 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் அமைந்த சங்கமாகவோ இருக்கும். பதிவு எண் அந்நிறுவனம் இருக்கின்றது என்பதற்குச் சான்றே தவிர, நன்றாக நடக்கின்றது என்பதற்குச் சான்றன்று. குழந்தைகள் இல்லமாயின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தனிப் பதிவும் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டறியலாம். 80ஜி என்று மக்கள் வழங்கும் வரிச்சலுகை அங்கீகாரம் 2021 முதல் காலவரம்பு உடையதாயிற்று. ஆகவே பழைய சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருந்தால், புதுப்பித்த ஆணையைக் கேட்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்த ஓய்வூதியர்க்கோ அச்சலுகையே இல்லை. அவர்கள் அதனைக் காரணமாகக் கொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அடுத்து வரவு செலவுக் கணக்கு. தணிக்கை செய்யப்பட்ட கணக்கை மூன்றாண்டுகளுக்குக் கேளுங்கள். இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய விரும்புகின்றோம். சம்பளச் செலவு குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்று பலர் முடிவு கட்டுகின்றனர். ஆசிரியர்க்கு ஊதியம் தராத பள்ளியில் பாடம் எப்படி நடக்கும்? செவிலியர் இல்லாத முதியோர் இல்லத்தில் இரவில் நோயாளியை யார் பார்ப்பது? சம்பளம் யாருக்கு, எப்பணிக்குத் தரப்படுகின்றது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வங்கி இருப்பு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போய், பயன்பெறுவோர் எண்ணிக்கை மட்டும் ஏறாதிருந்தால், அதற்கும் விளக்கம் கேட்கலாம்.

நம் குடும்பங்கள் விரும்பிக் கொடுப்பது கோசாலைக்கு. அங்கு எளிய கணக்கு ஒன்று உதவும். வளர்ந்த பசு ஒன்றுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து கிலோவேனும் பசுந்தீவனம் வேண்டும்; உலர்தீவனம் வேறு. நாற்பது பசுக்கள் உள்ளன என்றால் நாளைக்கு 600 கிலோ, வாரத்திற்கு 4,200 கிலோ. வாரம் ஒரு டன் புல் வாங்கியதாகவே பதிவேடு காட்டுமானால், மீதி எங்கிருந்து வருகின்றது? மேய்ச்சல் நிலம் உண்டு என்று விடை வரலாம். அதனைக் காட்டச் சொல்லலாம். விடை வரவில்லையெனில் பசுக்கள் நாற்பது இல்லை, அல்லது அவை அரைவயிற்றோடு நிற்கின்றன. இரண்டாவது உண்மையாயின், அபயதானம் என்று நாம் கொடுத்தது யாருக்கு அபயம் அளித்தது?

கைபேசியில் வரும் வேண்டுகோள்களைப் பற்றியும் கூற வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையின் படம் நெஞ்சை உருக்கும். உருகிய நெஞ்சோடு உடனே பணம் அனுப்பாமல், மருத்துவமனையின் பொது எண்ணை நாமே தேடி எடுத்து அழைத்து, அத்தகைய நோயாளி உண்டா என்று கேட்டு, முடிந்தால் மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துதல் நலம். கட்டணக் குறியீட்டை வருடியதும் திரையில் தோன்றும் பெயர் நிறுவனத்தின் பெயரா, தனிமனிதரின் பெயரா என்பதையும் பாருங்கள்.

எம் தமக்கையார் தம் ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைப் பெண் குழந்தைகளின் கல்விக்கென விட்டுச் சென்றார். பேரப்பிள்ளைகளின் துணையோடு மூன்று நிறுவனங்களைப் பார்த்தோம். ஒன்றில் வழவழப்பான வண்ண மலர் தந்தனர், கணக்குக் கேட்டபோது "நம்பிக்கை இல்லையா, அம்மா?" என்றனர். மற்றொன்றில் சிறுமியரை வரிசையாக நிறுத்திப் பாடச் செய்தனர். ஆய்வாளர் வரும் நாளில் நடக்கும் மாதிரிப் பாடத்தைக் கொண்டு பள்ளியை எடைபோடலாகாது என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிவர். வருகைப் பதிவேட்டைக் கேட்டோம். நான்கு மாதங்களாக எழுதப்படவில்லை. மூன்றாவது, இரண்டு அறைகளில் நடக்கும் சிறிய அறக்கட்டளை. சென்ற ஆண்டு உதவி பெற்ற பதினொரு மாணவியருள் மூவர் இடையில் நின்றுவிட்டனர் என்று அவர்களே கூறி, ஒருத்திக்குத் திருமணம், ஒருத்திக்குப் பேருந்து வசதியின்மை, ஒருத்தி தாயின் நோயால் வீட்டுப்பொறுப்பு எனக் காரணங்களையும் காட்டினர். தோல்வியை எழுதி வைப்பவர் வெற்றியையும் மிகைப்படுத்தார் என்று துணிந்தோம். முதலில் இருபத்தையாயிரம் கொடுத்தோம். ஆண்டுக் கணக்கைப் பார்த்த பின்னரே எஞ்சியதைக் கொடுத்தோம். அவ்வாண்டு பேருந்துக் கட்டணத்திற்கென அவர்கள் தனியே ஒரு தொகை ஒதுக்கியிருந்தனர்.

கொடுக்கும் பொருளைப் பற்றி ஒரு சொல். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பின், நாகப்பட்டினத்திற்குப் பல ஊர்களிலிருந்து வந்த பழந்துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. அனுப்பியோர் மனம் நல்லதே. என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பிறந்தநாளில் இல்லங்களுக்கு இனிப்பும் விருந்தும் அனுப்புவோரும் முன்னதாகக் கேட்டால், அன்று ஏற்கெனவே இருவர் உணவளிக்கின்றனர், தேர்வுக் கட்டணமே தேவை என்ற விடை கிடைக்கக்கூடும்.

பணம் செலுத்தியதும் ரசீது பெற்று, நிறுவனத்தின் பெயர், தேதி, நோக்கம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மறு ஆண்டு அதே மாதத்தில் அந்நிறுவனத்திற்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, பணம் எவ்வாறு பயன்பட்டது என்று கேட்கலாம்.