மரப்பாச்சி உடைந்தால்...

திருப்பதியில் ஆணும் பெண்ணுமாக ஜோடியாய் விற்கும் செம்மர மரப்பாச்சி, பல குழந்தைகளின் செல்லப் பொம்மை. விளையாட வந்த தோழியால் அதன் கை உடைந்துபோனால்:

• முதலில் குழந்தையை அழவிட வேண்டும். "வேறு வாங்கலாம்" என்ற சமாதானம் அப்போது எடுபடாது.

• உடைத்த குழந்தையைப் பலர் முன்னால் திட்டக் கூடாது. கை தவறியதா, கோபத்தில் எறிந்ததா என்று தனியே விசாரிக்க வேண்டும்.

• துண்டில் மரப்பசை தடவிப் பொருத்தி, நூலால் இறுகச் சுற்றி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் பிசிறை உப்புத்தாளால் தேய்க்கலாம்.

• நூல் சுற்றும்போது இரு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டால் மனத்தாங்கல் குறையும்.

• பெரிய உடைசல் என்றால், ஸ்ரீகாளஹஸ்தி அருகே மாதவமாலா கிராமத்து மரச்சிற்பிகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

• பிறருக்குத் தர மனமில்லாத பொம்மையை, நண்பர்கள் வருமுன் எடுத்துவைக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு.