வாக்கைக் கட்டும் சத்தியம்

இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மலைப்பகுதியில் ‘நூண்-லோட்டா’ என்றொரு வழக்கம் உண்டு. நூண் என்பது உப்பு. லோட்டா என்பது செம்பு. செம்பிலுள்ள நீரில் உப்பை இட்டு, தெய்வத்தைச் சாட்சியாக்கி ஒருவர் சொல் கொடுக்கிறார். சொல் தவறினால் நீரில் கரையும் உப்பைப்போல் தாமும் கரைந்துபோகக் கடவோம் என்பது அதன் பொருள். தேர்தல் காலத்தில் வாக்குகளைக் கட்டிப்போடவும் இச்சடங்கு பயன்படுத்தப்பட்டதுண்டு. பிற இடங்களில் உப்புக்குப் பதிலாகக் கங்கைநீர், துளசி, கற்பூரம், பெற்ற பிள்ளையின் தலை, வேறுபாடு அவ்வளவே.

வாக்காளரை மயக்கும் வழிகள் பல. ஆசை காட்டுதல், அச்சமூட்டுதல், சாதி மத வெறுப்பைக் கிளறுதல் ஆகியவற்றைச் சற்று நிதானித்தாலே அடையாளம் கண்டுவிடலாம். சத்தியம் வாங்குவது இவற்றினும் நுட்பமானது. அது மனிதனின் நற்குணத்தையே பிடியாகக் கொள்கிறது; சொன்ன சொல்லைக் காப்பவனிடம் மட்டுமே பலிக்கிறது. ‘கை நீட்டி வாங்கிவிட்டோம், தெய்வத்தின் முன் சொல்லியும்விட்டோம், இனி மாற்றினால் பாவமல்லவா?’ என்று கலங்குபவர்கள் எளியவர்கள், பக்தி உடையவர்கள். அக்கலக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று. அதற்கு இதிகாசத்திலேயே விடை இருக்கிறது.

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கர்ணனால் காயமுற்றுப் பாசறைக்குத் திரும்பிய யுதிஷ்டிரர், கர்ணனை இன்னும் கொல்லாத அர்ஜுனனைக் கடிந்து, காண்டீவத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். அவ்வாறு சொல்பவரைக் கொல்வதாக அர்ஜுனன் முன்பே விரதம் பூண்டிருந்தான், வாளை உருவுகிறான். ஸ்ரீகிருஷ்ணர் தடுத்து, கௌசிகர் என்ற தவசியின் கதையைக் கூறுகிறார். உண்மையே பேசுவதென்று விரதம் பூண்டவர் கௌசிகர். உயிருக்கு அஞ்சி ஓடி ஒளிந்தவர்கள் சென்ற வழியைக் கொள்ளையர் கேட்டபோது உள்ளபடி காட்டினார். ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டனர், கௌசிகர் நரகம் அடைந்தார். உயிர்களைத் தாங்குவதே தர்மம், அவற்றுக்குக் கேடு விளைவிக்கும் வாய்ச்சொல்லைக் காப்பது சத்தியமாகாது என்பதே அங்கு அர்ஜுனன் பெறும் உபதேசம்.

தகுதியற்றவருக்கு ஐந்தாண்டு அதிகாரத்தை அளிப்பதாகச் செய்த சத்தியத்தின் பலனைச் சத்தியம் செய்தவர் மட்டும் அனுபவிப்பதில்லை. தொகுதி முழுவதும் அனுபவிக்கிறது. எனவே அது எவரையும் கட்டுப்படுத்தாது. பாவம் இருப்பது பணத்தைப் பெற்றதில். ‘எல்லோரிடமும் வாங்கிக்கொள்ளுங்கள், விரும்பியவருக்குப் போடுங்கள்’ என்று மேடைகளில் கேட்கும் சாமர்த்தியத்துக்கு இந்த உபதேசத்தில் இடமில்லை. சட்டமும் வாங்குபவரைக் குற்றவாளியாகவே கருதுகிறது. ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

தெய்வத்தின் சினத்துக்கு ஆளாக நேரும் என்று வாக்காளரை நம்பச் செய்வதை, 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவில் தேர்தல் முறைகேடாகவே குறிப்பிடுகிறது. யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லுமாறு ஒருவரை வற்புறுத்த இயலாது என்கிறது 94-ஆம் பிரிவு. இயந்திரத்தில் தோன்றும் காகிதச்சீட்டு ஏழு விநாடிகள் தெரிந்து, பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது.

கட்டு அவிழ்ந்தபின் ஆராயும் பொறுப்பு மீதமிருக்கிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் ஓய்கிறது. அமைதியாகச் சிந்திப்பதற்கான அந்நேரத்தில்தான் பணமும் வதந்தியும் வீடு தேடி வருகின்றன. சிந்திக்க விரும்புவோருக்கு வேறொரு சத்தியம் துணை நிற்கும். அது வேட்பாளரே செய்யும் சத்தியம். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின் விளைவாக ஒவ்வொரு வேட்பாளரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் அறிவிக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை எவரும் படிக்கலாம். பொய்யுரைத்தாலோ மறைத்தாலோ ஆறு மாதம் வரை சிறை.

படிப்பதிலும் விவேகம் தேவை. வழக்கு என்பது குற்றச்சாட்டே, தீர்ப்பன்று. குடிநீருக்காக மறியல் செய்தவர்மீதும் வழக்கு இருக்கும். கொலை முயற்சியில் ஈடுபட்டதாகக் கூறப்படுபவர்மீதும் இருக்கும். எண்ணிக்கையைப் பாராமல், எந்தச் செயலுக்காகத் தொடரப்பட்டது, நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துள்ளதா என்று பார்க்க வேண்டும். மீண்டும் போட்டியிடுபவராயின் அவரது முந்தைய பத்திரத்தையும் அருகில் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் உள்ள சொத்துக் கணக்குகளுக்கு இடையில் அவரது ஐந்தாண்டுப் பொதுவாழ்வு இருக்கிறது.